குசினி வரைக்கும்

கண்டிக்குச் சற்று முன்னால் இருக்கும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. கலகெதரப் பக்கமிருந்து அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருந்தேன். பின்னால் வந்த பஸ்கள் என் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, நான் கை காட்டாததால் மறுபடி வேகமெடுத்தன. அவற்றில் ஏதோ ஒன்றில் அக்காவும் அத்தானும் பிள்ளைகள் இரண்டும் இருப்பார்கள் என்று தெரியும். அதனால் பஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் பள்ளத்துப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எனக்கு நடப்பது புதிதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தம்புள்ளையில் மரக்கறி லொறி, கொழும்பில் மூட்டை, வவுனியாவில் மேசனுக்கு எடுபிடி என்று பல ஊர் பார்த்தாயிற்று. ஓர் இடம் சரிவராவிட்டால் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். பெரும்பாலும் யாராவது ஏசியிருப்பார்கள், அல்லது நான் ஏசியிருப்பேன். அன்று யாரும் யாரையும் ஏசவில்லை. வெட்கத்தில் நடந்தேன். அது யாருடைய வெட்கம் என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வரவில்லை. அத்தானைப் பற்றிச் சொன்னால் கொஞ்சம் விளங்கலாம்.

அத்தான் என்றது அக்காவின் புருஷனை. ஹந்தானை மலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடான லயத்தில், ஓர் அறைக் காம்பராவில் இருந்தார்கள். அக்கா ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை செய்தாள். அத்தான் கண்டி டவுனில் வீடு வீடாகப் போய்த் தோட்டம் திருத்துவார். மெலிந்த ஆள். சட்டை எப்போதும் இஸ்திரி போட்டிருக்கும். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் ஒரு கனைப்பு. பெரிய கனைப்பில்லை. உள்ளே இருப்பவர் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு மெதுவாக வரலாம் என்று சொல்கிற மாதிரி ஒரு கனைப்பு.

அவர் எந்த இடத்துக்கும் முன்வாசலால் போனதை நான் பார்த்ததில்லை.

கடைக்குப் போனால் பின்பக்கம். ஆஸ்பத்திரிக்குப் போனால் துணி வெளுக்கிற பக்கம். கோயிலுக்குப் போனால்கூட மடப்பள்ளிப் பக்கமாகப் போய், அங்கே சுண்டல் தாளிப்பவரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, தீபம் காட்டும் நேரத்துக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக் கும்பிடுவார். அவர்களுடைய லயம் ஒற்றை வரிசை லயம். எல்லாக் காம்பராவுக்கும் முன்னால் மட்டும்தான் வாசல். கல்யாணம் முடிந்த மறுமாதமே பின்சுவரை இடித்து அவரே ஒரு கதவு வைத்துக்கொண்டார். சொந்த வீட்டுக்குள்ளும் பின்பக்கமாகத்தான் வருவார். அடுப்படியில் நிற்கும் அக்கா கனைப்பைக் கேட்டு, திரும்பிப் பாராமலே தேத்தண்ணி ஊற்றுவாள்.

"ஏன் அத்தான், முன்னால வந்தா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"முன்னால போனா நீ யாருன்னு கேப்பாங்க தம்பி. பின்னால போனா சாப்பிட்டியான்னு கேப்பாங்க" என்றார்.

அதைத் தாழ்வாகச் சொல்லவில்லை. ஒரு தொழில்காரன் தன் தொழிலின் சூட்சுமத்தைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். அவர் சொன்னதில் பொய்யுமில்லை. அக்காவுக்கு மூத்த பிள்ளை பிறந்த அன்று நான் பார்வையாளர் வரிசையில், கம்பிக் கதவுக்கு வெளியே, ஒரு போத்தல் சுடுதண்ணீரோடு நின்றுகொண்டிருந்தேன். கதவு திறந்து உள்ளே ஓடியபோது, அத்தான் பிள்ளையைப் பார்த்துவிட்டு எதிரே வந்துகொண்டிருந்தார். துணி வண்டி தள்ளுகிறவரோடு போனாராம்.

"பொம்பளப் புள்ள. ஒங்க அக்கா மூக்கு" என்றார். "நீ எதுக்கு அங்க நின்ன? என்னைக் கேட்டிருக்கலாமே."

அக்காவுக்கு இது பிடிக்காது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று டவுனில் ஹோல் எடுத்து நடந்தது. அக்கா இரவல் பட்டுச்சேலை கட்டி, பிள்ளைகள் காலில் சப்பாத்து மாட்டி, முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கதிரை காலி. அவளும் நானும் தேடிக்கொண்டு பின்னால் போனால், அத்தான் சமையல் கிடாரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க இது? பொண்ணு வீட்டுக்காரங்க ஒங்கள எங்கன்னு கேக்குறாங்க."

"உக்காந்துதான் இருந்தேன். அந்தக் கதிரை முதுகக் குத்துது."

"எல்லாருக்கும் அதே கதிரைதான். ஒங்களுக்கு மட்டும் குத்துதா?"

"சத்தம் போடாத. இவரு யாரு தெரியுமா? மாத்தளையில எங்க சித்தப்பா லயத்துக்கு அடுத்த லயம்."

சமையல்காரர் அகப்பையை விடாமல் சிரித்தார். "இவர விட்டுட்டுப் போங்க தங்கச்சி. இவரு வந்ததுக்கு அப்புறந்தான் இங்க வேலை ஓடுது."

அன்று எங்கள் பந்தியில் விழுந்த கறியில் எலும்பே இல்லை. "மாப்பிள்ளைக்கே கழுத்துத் துண்டுதான், ஒங்களுக்கு எங்கேருந்து தொடை வருது?" என்று பக்கத்தில் இருந்த கிழவர் கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

மூத்தவள் சாந்தினிக்கு அப்பா என்றால் உயிர். அவளுக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அவளுக்கு அவர் சொல்லும் கதைகளெல்லாம் ஒரு பங்களாவைப் பற்றியவை. கலகெதரப் பக்கம், பெரிய வீதியிலிருந்து மேலே ஏறும் ஒரு பழைய துரை பங்களா. துரைமார் போன பிறகு ஒரு சிங்களக் குடும்பம் அதில் இருந்தது. அத்தான் இளவட்டமாக இருந்தபோது சில வருஷம் அங்கே விறகும் தண்ணீரும் தோட்டமுமாக வேலை செய்தவர். வீட்டு எஜமானி நோனா பின்னேரங்களில் பியானோ வாசிப்பதை, சுவரில் மாட்டியிருக்கும் மான் தலையை, நீலக் கண்ணாடி விளக்கை, படிக்கட்டுக் கைப்பிடியில் வீட்டு எஜமான் பெரிய மாத்தயாவின் பேரன் வழுக்கி விழுந்ததை எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரிச் சொல்வார். சின்னவன் பாதியில் தூங்கிவிடுவான். சாந்தினி தூங்கமாட்டாள்.

"மான் கண்ணு என்ன கலருப்பா?"

"தேன் கலரு. கண்ணாடிக் கண்ணு. நாம நடந்தா நம்ம கூடவே வரும்."

பெரிய மாத்தயாவும் நோனாவும் செத்துப்போன பிறகு, வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் அந்த பங்களாவை அப்படியே வைத்து, ஆட்கள் வந்து பார்க்கிற நூதனசாலை ஆக்கிவிட்டார்கள். சாந்தினியின் வகுப்பில் ஒரு பிள்ளை போய்ப் பார்த்துவிட்டு வந்து பியானோவைப் பற்றிப் பேசியிருக்கிறாள். சாந்தினி எழுந்து, "எங்கப்பா அந்த வீட்டுலதான் இருந்தாங்க. அவருக்கு எல்லா ரூமும் தெரியும்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. போகணும், அப்பா ரூம் ரூமாகக் காட்டணும், அதை வகுப்பில் போய்ச் சொல்லணும்.

அத்தான் மழை என்றார், வேலை என்றார். "புள்ள எத்தன நாளா கேக்குது. ஒரு ஞாயித்துக்கிழம ஒங்களால முடியாதா?" என்று அக்கா கேட்டாள். நான் அப்போது இரண்டு வேலைகளுக்கு நடுவில் அவர்கள் வீட்டில் கிடந்தேன். "நானும் வாறேன் அத்தான், போவோம்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் கவனித்திருக்கலாம்.

சோறு, பருப்பு, கருவாட்டுப் பொரியல் எல்லாம் கட்டிக்கொண்டு போனோம். பிள்ளைகளுக்கு ஸ்கூல் சப்பாத்து. அத்தானும் அன்று காற்சட்டை போட்டு, சப்பாத்து மாட்டியிருந்தார். பஸ்ஸில் சாந்தினி அவர் மடியை விட்டு இறங்கவில்லை.

பெரிய வீதியிலிருந்து பங்களாவுக்கு ஒரு கார் ரோடு ஏறுகிறது. பாதியில் அது இரண்டாகும். அகலமான ரோடு நேரே மேலே போர்ட்டிகோவுக்குப் போகும். இடது பக்கம், பலா மரத்தை ஒட்டி, கல் பதித்த ஒற்றையடிப் பாதை. நூதனசாலைக்கு அம்புக்குறி போட்ட பலகை மேலேதான் காட்டியது, மூன்று மொழியிலும். அத்தான் அதைப் பார்க்கவேயில்லை. கால் தானாக இடது பக்கம் திரும்பியது. அவர் பின்னால் பிள்ளைகள், அவர்கள் பின்னால் அக்கா, அக்காவுக்குப் பின்னால் நான். ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட நேரே போகவேண்டும் என்று தோன்றவில்லை. நான் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவன். பலகையை வாசித்துவிட்டுத்தான் இடது பக்கம் திரும்பினேன்.

பாதை பங்களாவின் பின்னால், குசினி வாசலில் போய் முடிந்தது. பச்சைப் பலகைக் கதவு, சாத்தியிருந்தது. பக்கத்தில் கம்பி போட்ட ஜன்னல். அதற்குள் வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சாரமுமாக ஓர் ஆள், கையில் அகப்பையோடு, முதுகைப் பாதி காட்டிக்கொண்டு நின்றான். அத்தானின் முகம் மலர்ந்தது. சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். கனைத்தார்.

அந்த ஆள் திரும்பவில்லை.

"வேலையா இருக்காரு. கொஞ்சம் நிப்போம்" என்றார்.

துணி துவைக்கிற கல்லில் அக்கா உட்கார்ந்தாள். மேலே பங்களாவுக்குள் ஆட்கள் பேசும் சத்தமும் பிள்ளைகள் ஓடும் சத்தமும் கேட்டன. அத்தான் மறுபடி கனைத்தார். சிங்களத்தில், "அண்ணன், நான் முந்தி இங்க வேலை செஞ்சவன். புள்ளைங்களுக்கு வீட்டக் காட்டலாம்னு வந்தேன்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். பதிலில்லை. காது கொஞ்சம் மந்தமாக இருக்கும் என்றார். சின்னவன் பொறுக்கமாட்டாமல் ஜன்னல் கட்டையில் தொற்றி ஏறினான்.

"அப்பா, இது பொம்ம."

"சும்மா இர்றா. பெரியவங்கள அப்படிச் சொல்லக்கூடாது."

"பொம்மப்பா. மூக்குல பெயின்ட் போயிருக்கு."

அத்தான் கிட்டப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அதே நேரம் உள்பக்கமாக ஒரு கூட்டம் குசினிக்குள் வந்தது. கொழும்புக்காரக் குடும்பம் போல இருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, அடுப்பு, அம்மி, பொம்மைச் சமையல்காரன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள், ஜன்னலில் அத்தானின் முகத்தைப் பார்த்ததும் நின்றார்கள். ஒரு பிள்ளை பயந்து கத்தியது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. அவரையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஓர் ஆள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். அத்தானும், படம் எடுக்கிறார்களே என்று, அசையாமல் நின்றார்.

சாந்தினி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேலை கட்டிய ஒரு இளம் பெண், அங்கே வேலை செய்கிறவள், ஜன்னலுக்கு ஓடி வந்தாள். எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள். "ஐயோ, இந்தக் கதவு தொறக்கிறது இல்ல. முன்னுக்கு வாங்க. எல்லாரும் முன்னுக்குத்தான் வாறது." அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

சுற்றிக்கொண்டு முன்னால் போனோம். அத்தான் சப்பாத்தை மாட்டவில்லை. கையில் பிடித்துக்கொண்டே போர்ட்டிகோப் படியேறினார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "போடுங்க அத" என்றாள். அவருக்குக் காதில் விழவில்லை.

உள்ளே போனதும் சாந்தினி அவர் மற்றக் கையைப் பிடித்தாள். இனிமேல்தான் அப்பாவின் நேரம் என்று அவளுக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது.

"பியானோ ரூம் எதுப்பா?"

"இதுதாம்மா" என்று ஒரு கதவைத் திறந்தார். அது வெள்ளைத் துணி அடுக்கிய அலுமாரி அறை. மேசை விரிப்புகள், தலையணை உறைகள். அந்த இளம் பெண், "பியானோ அங்கிட்டு" என்று மெல்லச் சொன்னாள். அத்தான் சிரித்தார். "மாத்திட்டாங்க போல" என்றார். அடுத்த கதவில் சாப்பாட்டு மேசை இருந்தது. அதற்கடுத்ததைத் திறக்க அவர் கை வைக்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றார். கண்டி டவுனில் எத்தனை வீட்டுக்கு எத்தனை சந்து என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனிதர், ஒரு நீளமான நடையில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார்.

அந்தப் பெண்தான் எங்களைப் பியானோ அறைக்குக் கூட்டிப்போனாள். மான் தலை இருந்தது. சின்னவன் அதன் முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, "கூட வரலயே" என்றான். சாந்தினி பியானோவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க இந்த ரூமுக்கு வந்திருக்கீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிடவேண்டும் என்று விரும்பினேன். அவர் ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"இல்லம்மா."

"அப்ப அந்த நோனா வாசிச்சது?"

"சத்தம் வரும்மா. குசினி வரைக்கும் நல்லா வரும்."

"மான் தலை?"

"அது அப்பு சொல்வாரு. சமையல்காரரு. அவரு உள்ள வந்து போவாரு."

"அந்தப் பையன் வழுக்கி விழுந்தது?"

"அதுவும் அப்புதான்." கொஞ்சம் யோசித்தார். "நீல விளக்கு இருக்கே, அது நான் பாத்ததும்மா. தொடைக்கிறதுக்குப் பின்னால கொண்டு வருவாங்க. என் கையிலயே வச்சிருந்திருக்கேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகம் தெளிந்துவிட்டது. ஒன்றாவது மிஞ்சியதே என்று. சாந்தினி கையை விட்டாள்.

"நான் கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். அழவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் எதையும் கேட்கவில்லை. மாடி அறைகளை எல்லாம் அந்தப் பெண் காட்டிக்கொண்டே வர, சாந்தினி அவள் பக்கத்தில் நடந்தாள். அத்தான் கடைசியாக, என்னோடு, வெறுங்காலோடு வந்தார். பளபளவென்ற தரையில் அவர் கால் படும் இடத்தில் ஒரு நிமிஷம் ஈரம் தெரிந்து மறைந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அவர் முகத்தைப் பார்ப்பதைவிட அது பரவாயில்லை.

கட்டிக்கொண்டு போன சோற்றை யாரும் பிரிக்கவில்லை. கீழே இறங்கிப் பெரிய வீதிக்கு வந்ததும் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. பிள்ளைகளுக்குத் தேத்தண்ணியாவது வாங்கிக் கொடுப்போம் என்று அக்கா உள்ளே போய் உட்கார்ந்தாள். அத்தானைக் காணவில்லை. சற்று நேரத்தில் கடைக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். சமையல் பக்கத்துத் திரையை விலக்கிக்கொண்டு அவர் தலை தெரிந்தது. காலையில் பஸ்ஸில் இருந்த அதே சந்தோஷ முகம்.

"இங்கிட்டு வாங்க. ரொட்டி இப்பத்தான் கல்லுல போடுறாரு. சூடா இருக்கு, வாங்க. சாந்தினி, வாம்மா."

சின்னவன் ஓடினான். அவன் ஓடும்போது ஒரு சப்பாத்து கழன்று மேசைக்கடியில் கிடந்தது.

சாந்தினி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மேசை மேல் இருந்தன. எந்தப் பக்கமும் திரும்பாமல், "நான் இங்கயே இருக்கேன்" என்றாள்.

இவ்வளவு வருஷமாக அக்கா ஆசைப்பட்டது அதுதான். தன் பிள்ளை முன்பக்கத்தில், கதிரையில், நிமிர்ந்து உட்காரவேண்டும் என்று. இப்போது அவள் மகளையும் பார்த்தாள், திரையையும் பார்த்தாள். எழுந்திருக்கப் போனாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

அத்தானுக்கு விளங்கியது. கூப்பிட்ட கையை இறக்கினார். உள்ளே போய் ஒரு தட்டில் இரண்டு ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தார். திரை வரைக்கும் வந்தார். அதற்கு மேல் வரவில்லை. ஐந்தாறு அடி தூரம்தான், அவருடைய மகள் உட்கார்ந்திருந்தது. தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். வரமாட்டேன் என்ற பிடிவாதமில்லை அது. அந்த இடத்துக்கு மேல் நடக்க அவருக்குக் கால் பழகவில்லை.

நான் எழுந்து போய் அந்தத் தட்டை வாங்கினேன்.

"பச்சமொளகா எடுத்துட்டேன்னு சொல்லு தம்பி" என்றார். "அதுக்கு ஒறைக்கும்."

கொண்டுவந்து சாந்தினியின் முன்னால் வைத்தேன். மிளகாய் இல்லை என்று சொன்னேன். பிள்ளைக்குப் பசி. தலையை நிமிர்த்தாமல், அவசர அவசரமாகச் சாப்பிட்டாள். திரைக்குப் பின்னால் யாரோ அத்தானை என்னவோ கேட்டார்கள். அவருடைய சின்னக் கனைப்பு மட்டும் கேட்டது.

எனக்கு எங்கே உட்காருவதென்று தெரியவில்லை. மகளுக்கு எதிரே உட்கார்ந்தால் அவரைத் தள்ளிவைத்த மாதிரி. உள்ளே போனால் அவளை விட்டுவிட்ட மாதிரி. பையை எடுத்துக்கொண்டு, "நான் நடக்குறேன்" என்று அக்காவிடம் சொன்னேன். "இங்கேருந்தா? பைத்தியமா ஒனக்கு?" என்றாள். ஆனால் தடுக்கவில்லை. அவளும் என்னைப் போல எல்லாவற்றையும் விட்டு நடக்கக்கூடியவளாக இருந்திருந்தால் நடந்திருப்பாள்.

அதற்குப் பிறகு நான் அந்த லயத்துக்கு அதிகம் போகவில்லை. போன ஒன்றிரண்டு தடவையும் அத்தான் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். சாந்தினி கெட்டிக்காரியாகப் படிக்கிறாள் என்று அக்கா சொன்னாள். பின்சுவர்க் கதவு அப்படியே இருந்தது.

நான் நடந்து வந்த அன்று இரவு கண்டியில் தெரிந்த ஒருவனின் அறையில் படுத்தேன். மறுநாள் காலை, மலைமேல் இருக்கும் ஒரு ஹோட்டலில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவன் கூட்டிப்போனான். முன்வாசலில் நின்று, வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிடும் வேலை. தொப்பியும் வெள்ளைக் கையுறையும் கொடுத்தார்கள். வேலைக்காரர்கள் எந்தப் பக்கமாக வந்துபோகவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. கால் தானாகப் பின்பக்கம் திரும்பியது.